எத்திக்ஸ் கமிட்டியில் போன 5 மாதம்

நேற்று சாயந்திரம் என் ஆய்வுக்குச் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண் வந்துவிட்டது. இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

கோவையில் ஒரு பிசியோதெரபி கல்லூரியில் உடற்பயிற்சி உடலியங்கியல் பாடம் எடுக்கிறேன். பகுதிநேர பிஎச்.டி.யும் அதில்தான். பஞ்சாலை, விசைத்தறியில் வேலை பார்த்து மூச்சிரைப்போடு வருகிறவர்களுக்கு நடைப்பயிற்சி கொடுத்து, 6 நிமிட நடைச் சோதனையில் தூரம் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். கைடு, என்ஓசி (தடையில்லாச் சான்று) எல்லாம் சுலபமாக முடிந்தது. ஆய்வு நோயாளிகளுக்குப் பாதகமில்லாமல் நடக்குமா என்று பார்த்து அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியில்தான் மாட்டிக்கொண்டேன்.

முதல் தடவை ஃபைல் கூட்டத்துக்கே போகவில்லை. கைடின் பயோடேட்டாவில் கையெழுத்து இல்லையாம். வாங்கின அன்றே சொல்லியிருந்தால் பத்து நிமிட வேலை. மூன்று வாரம் மேஜையில் வைத்திருந்துவிட்டு, கூட்டத்துக்கு முந்தின நாள் சொன்னார்கள். கைடு இருப்பது ஈரோட்டில். பஸ் ஏறிப் போனால் அன்று அவர் லீவு. அடுத்த கூட்டம் இரண்டு மாதம் கழித்துத்தான். தயவுசெய்து ஃபைல் கொடுக்கும்போதே அலுவலகத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள். நோயாளி கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்தில் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வியே, "வராண்டா எத்தனை மீட்டருங்க? அளந்தீங்களா?" நடைச் சோதனைக்கு, அமெரிக்க தொராசிக் சொசைட்டியின் (நுரையீரல் மருத்துவ அமைப்பு) 2002 வழிகாட்டி 30 மீட்டர் நீளத் தடம் கேட்கிறது. நானும் 30 என்று எழுதியிருந்தேன், அளக்காமலே. அன்று ராத்திரி செக்யூரிட்டி அண்ணா டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, வந்தது 22. தடம் குறுகினால் அடிக்கடி திரும்ப வேண்டும், நடக்கிற தூரம் குறையும். பழைய பிளாக்கில் தேடி 31 மீட்டர் வராண்டா ஒன்றைக் கண்டுபிடித்தபோது வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

இன்னொன்று, தமிழ்ப் படிவம். ஆங்கிலத்தைப் பார்த்து "உடற்பயிற்சித் தாங்குதிறன் மதிப்பீடு" என்று எழுதி வைத்திருந்தேன். கமிட்டியில் இருந்த சமூகப் பணியாளர், ஒரு நோயாளியிடம் படித்துக் காட்டிவிட்டு வாருங்கள் என்றார். சோமனூர் தறிக்காரர் ஒருவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "ஏனுங் அம்மணி, இதுல கையெழுத்துப் போட்டா ஆபரேசன் பண்ணிருவீங்களா?" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்தி எழுதினேன்: "6 நிமிடத்தில் நீங்கள் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று பார்ப்போம். இஷ்டமில்லையென்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் வைத்தியம் அப்படியே தொடரும்." இதில் ஒரு கேள்வியும் வரவில்லை.

கமிட்டி ஒப்புதல் வந்ததும் ஆய்வில் நோயாளிகளைச் சேர்த்துவிடாதீர்கள். 2018 ஏப்ரல் 1 முதல், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே சிடிஆர்ஐயில் பதிந்தாக வேண்டும், பிறகு பதிய முடியாது. பணம் கட்டத் தேவையில்லை, நாள்தான் ஆகும். "ரெண்டு பேசன்ட் வந்திருக்காங்க, ஆரம்பிச்சிரலாமே" என்று துறையில் சொன்னார்கள். முடியாது என்று நின்றுவிட்டேன்.

திங்கட்கிழமை முதல் ஆள் வருகிறார். அதற்குள் வராண்டாவில் 3 மீட்டருக்கு ஒரு டேப் ஒட்டியாக வேண்டும்.