தரிசு என்று எழுதிய கை

நில அளவைத் துறையில் 32 ஆண்டுகள் பணியாற்றி 2019இல் ஓய்வு பெற்றேன். அந்த ஆண்டுகளில் பாதிக்கு மேல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில்தான் கழிந்தன. நிலம் அளக்கும் சங்கிலியும், செங்கோணம் பார்க்கும் கிராஸ் ஸ்டாஃபும் தூக்கிக்கொண்டு நான் நடக்காத வரப்பு அங்கே குறைவு. ஒரு கிராமத்தின் ‘அ’ பதிவேட்டைத் திறந்தால், ஒவ்வொரு புல எண்ணுக்கும் நேரே அது நன்செய்யா, புன்செய்யா, புறம்போக்கா, பரப்பு எவ்வளவு, தீர்வை எவ்வளவு, பட்டா யார் பெயரில் என்ற விவரங்கள் வரிசையாக இருக்கும். பயிர் ஏறாத பாறைக்கும் பொட்டலுக்கும் அந்த வரிசையில் சொல்ல எதுவும் இராது. ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்றோ, ‘கல்லாங்குத்து’ என்றோ, வெறுமனே ‘பாறை’ என்றோ எழுதிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விடுவோம். அந்தச் சொற்களை எத்தனை முறை என் கையால் படியெடுத்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அவை வரி வசூலுக்காகப் பிறந்த சொற்கள் என்பதும், ‘இதிலிருந்து அரசுக்கு வருவாய் இல்லை’ என்பதற்கு மேல் அவற்றுக்குப் பொருள் கிடையாது என்பதும், ஓய்வுக்குப் பின் எங்கள் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவில் சேர்ந்த பிறகே எனக்கு உறைத்தன.

உயிரியல் பல்வகைமைச் சட்டம் 2002இல் வந்தது. ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் இத்தகைய குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 2004ஆம் ஆண்டு விதிகள் நடைமுறையில் இருந்தபோது தலைவரைத் தவிர ஆறு பேர் வரை நியமிக்கலாம் என்றிருந்தது. அவர்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்றும் இருந்தது. ஊரில் என்னென்ன உயிர்கள் உள்ளன, அவற்றை மக்கள் எப்படி அறிந்திருக்கிறார்கள் என்பதை மக்கள் பல்லுயிர்ப் பதிவேடாக எழுதி வைப்பது குழுவின் முதன்மையான வேலை. எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், கண்மாயில் தலைமுறையாக மடை திறந்துவந்த குடும்பத்தைச் சேர்ந்த பெரியவர், கல்லூரி முடித்த இளைஞர்கள் இருவர், ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருவர், இவர்களோடு நான். சம்பளமில்லாத வேலை. புலப்படம் வாசிக்கத் தெரிந்தவன் என்பதற்காகவே என்னைக் கூப்பிட்டார்கள். நானும் முதல் கூட்டத்துக்குப் புலப்பட நகல்களைத்தான் எடுத்துப் போனேன்.

எங்கள் ஊர்க் கண்மாய்க்கு நீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியில்தான் திட்டமிடும் வேலை தொடங்கியது. வரைபடத்தில் வரத்துக்கால் ஒரு மெல்லிய இரட்டைக் கோடாக வந்து, பாறைக் குன்றின் அடிவாரத்தில் நின்றுபோகிறது. அதற்கு மேல் கால் இல்லை என்பதே இத்தனை நாள் என் எண்ணம். மடைப் பெரியவர் எங்களை அழைத்துக்கொண்டு குன்றின் மேலேறினார். அந்தப் பாறையின் சரிவு முழுவதுமே வரத்துதான் என்று அங்கே நின்றபோது தெரிந்தது. கணக்கும் எளியது. ஒரு ஹெக்டேர் பரப்பில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். மண் தரையில் முதல் மழையை மண்ணே குடித்துவிடும். பாறை அப்படிக் குடிப்பதில்லை. சிறு தூறலையும் வழித்துச் சுனைக்கும் ஊருணிக்கும் கண்மாய்க்கும் இறக்கிவிடுகிறது. பெரியாறு கால்வாயில் தண்ணீர் வரத் தாமதமாகும் ஆண்டுகளில் மேலூர்ப் பக்கத்துச் சிறு கண்மாய்களுக்கு இந்தப் பாறைத் தண்ணீர்தான் கைகொடுக்கிறது. ‘பாறை, பயனற்றது’ என்று நான் அளந்து ஒதுக்கிய நிலம் கண்மாயின் தலைமாடு. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இதற்குப் பிறகும் நான் ஒரு தவறு செய்தேன். மழைக்காலத்துக்கு முன் ஆயிரம் மரக்கன்றுகள் தர ஒருவர் முன்வந்தார். ஒரே இடத்தில் நட வேண்டும், ஊரார் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். இளைஞர்கள் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்கள். நான் பதிவேட்டைப் பார்த்து, குன்றுக்குக் கிழக்கே நான்கு ஹெக்டேர் பொட்டலைக் குறித்துக் கொடுத்தேன். மரமில்லாத இடம், ஆக்கிரமிப்பு இல்லாத இடம், தரிசு. அதுவரை கூட்டங்களில் அதிகம் பேசாத மூதாட்டி அப்போது வாய் திறந்தார்: “அது சும்மா கெடக்குற எடம் இல்ல தம்பி. சித்திரையில ஆக்காட்டி அங்கதான் முட்ட வைக்கும். கவுதாரி குஞ்சோட திரியும். நீங்க குழி வெட்டுனா அதுக எங்க போகும்?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவரோடு அந்தப் பொட்டலில் நடந்தோம். ஆள்காட்டிகள் இரண்டு தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றின. ஓரிடத்தில் அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். என் செருப்புக்கு ஒரு முழம் முன்னால் சரளைக் கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகள், கற்களின் நிறத்திலேயே, புள்ளி விழுந்து கிடந்தன. கூடு என்று சொல்ல ஒரு துரும்பும் இல்லை. எல்லைக்கல் தேடியே பழகிய என் கண்ணுக்கு அவர் காட்டிய பிறகும் அவை உடனே பிடிபடவில்லை. பணிக்காலம் முழுவதும் நான் சங்கிலி பிடித்த இடங்களிலெல்லாம் அந்தக் கூச்சலைக் கேட்டிருக்கிறேன். அது என்னைத்தான் சொல்லியது, அதன் முட்டைக்கு அருகில் நான் நிற்கிறேன் என்று சொல்லியது என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

அன்று அவர் அந்த நான்கு ஹெக்டேரில் காட்டியவற்றை ஆசிரியை எழுதிக்கொண்டே வந்தார். கொழுக்கட்டைப் புல், ஊசிப்புல், துத்தி, ஆவாரை, பாறை ஓரத்தில் அழிஞ்சில், உசிலை. வானம்பாடி இறங்கும் திட்டு. எந்தப் புல்லை ஆடு முதலில் கடிக்கும், எதை மழைக்குப் பின் பத்து நாள் விட்டுவைக்க வேண்டும் என்ற முறை. மரம் நட்டு நிழல் விழுந்தால் இந்தப் புற்கள் போய்விடும், புல் போனால் தரையில் முட்டையிடும் பறவைகளும் போய்விடும், ஆட்டுக்கு மேய்ச்சலும் இராது. மரம் நடுவதை நான் குறை சொல்லவில்லை, இடம் தவறு. கன்றுகளை ஊருணிக் கரையிலும் சாலையோரத்திலும் பிரித்து நீர்மருது, இலுப்பை, நாவல், புங்கன் என்று நடலாம் என முடிவு செய்தோம். கொடையாளருக்கு அது நிறைவாக இல்லை. பாதிக் கன்றுகளே வந்தன. வந்தவற்றுக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றுவதே எங்களுக்குப் போதுமான வேலையாக இருந்தது.

அரிட்டாபட்டி எங்களுக்கு அருகில்தான். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. லகர் வல்லூறு உள்பட ஏறத்தாழ 250 பறவை இனங்கள், சமணர் படுக்கைகள், தமிழி எழுத்துகள், குடைவரைக் கோயில் எல்லாம் உள்ள குன்றுகள் அவை. இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், அந்தத் தலத்தின் பகுதியும் அடங்கிய 2,015 ஹெக்டேர் நிலம் நாயக்கர்பட்டி தொகுதி என்ற பெயரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனதாகச் செய்தி வந்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு மக்கள் நடந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த நாள்களில் எங்கள் குழுவின் பதிவேட்டை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். தரிசு என்ற சொல் மட்டும் இருக்கும் ஏட்டை முன்னால் வைத்து ஒரு நிலத்தைக் கேட்டால், வேண்டாம் என்பதற்கு அந்த ஏட்டிலிருந்து ஒரு காரணமும் கிடைக்காது. எங்கள் ஏட்டில் அதே புல எண்ணுக்கு நேரே பதினான்கு பக்கம் இருந்தது.

கண்மாய்க்குள் மண்டிய சீமைக்கருவேலம்தான் குழுவை அதிகம் பிளந்தது. மொத்தமாக வெட்டிக் கரிமூட்டத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றனர் விவசாயிகள். மடைக்குப் போகும் வழியே முள்ளால் அடைபட்டிருந்ததால் அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் கரையை ஒட்டிய மரங்களை இயந்திரம் வைத்து வேரோடு பிடுங்கினால் கரை இளகும். உள்ளே நின்ற மரங்களில் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டியிருந்தன. மடையையும், மிகை நீர் வழியும் கலுங்கையும் சுற்றி உடனே அகற்றுவது, மீதியை மூன்று பங்காக்கி ஆண்டுக்கு ஒன்றாக எடுத்து அங்கே நாட்டுக்கருவேலம் வளர்ப்பது என்று எழுதினோம். நெற்றைத் தின்னும் ஆடுகளின் புழுக்கையிலிருந்து சீமைக்கருவேலம் மறுபடி முளைக்கும் என்பதால், எடுத்த இடத்தில் இரண்டு மழைக்காலம் கன்று பிடுங்கியாக வேண்டும். முதல் பங்கு முடிந்திருக்கிறது. இரண்டாம் பங்கு இன்னும் பேச்சில் நிற்கிறது.

பதிவேட்டை முடிக்கும் தறுவாயில் ஒரு பக்கம் மட்டும் எங்களைத் தடுத்தது. குன்றின் பின்புறம் அலுங்கு என்ற எறும்புதின்னி இருப்பதை மூதாட்டியும் மடைப் பெரியவரும் அறிவார்கள். புற்றைக் கிளறிய தடத்தை நானும் பார்த்தேன். உடலை மூடிய செதில்களுக்காக வேட்டையாடப்படும் உயிர் அது. பதிவேடோ பலர் கைக்குப் போகக்கூடியது. இடத்தை எழுத வேண்டுமா என்று இரண்டு கூட்டங்களில் விவாதித்தோம். எழுதாவிட்டால் நாளை அங்கே குவாரி கேட்பவரிடம் எதைக் காட்டுவது என்று இளைஞர்கள் கேட்டார்கள். எழுதிவிட்டால் அலுங்கே மிஞ்சாது என்றார் பெரியவர். முடிவில், குன்று முழுவதையும் ஒரே வாழிடமாகக் குறிப்பது, வளை இருக்கும் இடத்தைக் குறிப்பதில்லை என்று தீர்மானித்தோம். அந்தப் பக்கத்தை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. உயிரினத்தின் பெயர், ஊர் வழங்கும் பெயர், காணப்படும் பருவம் எல்லாம் நிரப்பினேன். இடம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடி, மூதாட்டியிடம் ஏட்டைக் காட்டினேன். அவர் வெற்றுக் கட்டத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.