பதினொரு மணிக்கு மேல் மலிவு

2018 நவம்பரில் சிங்கப்பூரில், யாரிடம் மின்சாரம் வாங்குவது என்பதை வீடுகளே தேர்ந்தெடுக்கும்படி மின்சாரச் சந்தை வட்டாரம் வட்டாரமாக எல்லா வீடுகளுக்கும் திறக்கத் தொடங்கியபோது, மின்சாரம் விற்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். அடுக்குமாடி புளோக்கின் கீழே மடக்கு மேசை போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடம் "போன மாத பில் எவ்வளவு வந்தது?" என்று கேட்பதுதான் வேலை.

நான் ஆசையாக விற்றது நேரத்துக்கு ஏற்ற விலைத் திட்டம். காலை 7 முதல் இரவு 11 வரை ஒரு விலை, அப்புறம் விடியும்வரை மலிவு. யீஷூனில் ஒரு பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஏன் தம்பி, பதினோரு மணிக்கு மேல வாஷிங் மெஷின் போட்டா கீழ்வீட்டுக்காரங்க சும்மா இருப்பாங்களா? ராத்திரி துவைச்ச துணிய எங்க காயப்போடுறது?"

மேலே கை காட்டினார். எட்டாவது மாடியில் மூங்கில் கழிகளில் கைலிகளும் ஒரு பச்சைச் சேலையும் மத்தியான வெயிலில் விறைத்துக்கொண்டிருந்தன. அதே புளோக்கின் கூரையில் சூரியத் தகடுகள்.

அன்றுதான் உறைத்தது. வெயிலில் மின்சாரம் விளையும் நேரத்தைத்தான் நான் விலை கூடிய நேரம் என்று விற்றுக்கொண்டிருந்தேன். மலிவு என்று சொன்னது கிட்டத்தட்ட முழுக்க எரிவாயு எரிகிற ராத்திரியை! நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. இங்கே சுமார் 95 விழுக்காடு மின்சாரம் எரிவாயுவிலிருந்து வருகிறது. பகலில் ஊரெல்லாம் ஏர்கான் ஓடுகிறது. கூரை மின்சாரமோ முதலில் லிஃப்டுக்கும் நடைபாதை விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும் போகிறது. மிச்சம் பொதுக் கம்பியில் கலந்துவிடும். பாட்டியின் பில்லில் வெயிலுக்கென்று ஒரு காசு குறையாது.

2021 கடைசியில் உலகச் சந்தையில் எரிவாயு விலை எகிறியதில் சில நிறுவனங்கள் கடையைக் கட்டின. எங்களுடையதும் ஒன்று. வாடிக்கையாளர்கள் மின்விநியோக நிறுவனமான எஸ்பி குழுமத்துக்குப் போனார்கள், நான் சூரியத் தகடு பராமரிக்கும் வேலைக்கு வந்தேன்.

கரிமவாயு வெளியேற்றத்துக்கான கரிம வரி டன்னுக்கு 5 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) இருந்தது. 2024இல் 25, 2026இல் 45. அது மின்நிலையத்தின் தலையில் விழுந்து, யூனிட் விலையில் கரைந்து நம்மிடம் வருகிறது. அரசு கட்டிய வீவக வீடுகளுக்கு, பில்லில் அரசு தரும் யு-சேவ் தள்ளுபடி கொஞ்சம் தாங்குகிறது. இரண்டும் தேவைதான். ஆனால் எஸ்பி வசூலிக்கும் ஒழுங்குமுறைக் கட்டணத்தில் இருக்கிற வீட்டுக்கு நடுப்பகலும் நடுராத்திரியும் ஒரே விலை. அரைமணிக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் புது மீட்டர்கள் வந்தும் அப்படித்தான். நண்பகல் இரண்டு மணி நேரத்துக்காவது விலையைக் குறைத்துப் பார்க்கலாமே என்று மேலாளரிடம் சொன்னேன். "நீ தகட்டைத் துடை" என்றார்.

துடைக்கிறேன். பன்னிரண்டு மணிக்குக் கூரையிலிருந்து எட்டிப் பார்த்தால், மாடிக்கு மாடி கழிகள் வெளியே நீண்டிருக்கின்றன.