ஒன்பது பெயர்கள்

எட்டாம் வகுப்பில் அன்று நடத்திக்கொண்டிருந்தது 315ஆம் குறள். 'அறிவினான் ஆகுவ துண்டோ பிறிதின்நோய் தந்நோய்போல் போற்றாக் கடை.' பிற உயிரின் துன்பத்தைத் தன் துன்பம்போல் எண்ணிக் காக்காவிட்டால், பெற்ற அறிவால் என்ன பயன் என்று கேட்கிற குறள். 'போற்றுதல்' என்றால் இங்கே புகழ்வதல்ல, பேணுவது என்று விளக்கி, என் பாடம் எனக்கே பிடித்துப்போயிருந்த நேரத்தில் அலுவலகத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது.

கல்வி உதவித்தொகை பெறும் மாணவர்கள் சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் இரண்டின் நகலையும் மறுநாளே தர வேண்டும். கீழே ஒன்பது பெயர்கள். வாசித்தேன். எழுந்து நிற்கவும் சொன்னேன். எண்ணிச் சரிபார்க்க அதுதான் வசதி. "இவர்களுக்கு மட்டும் ஏன் ஐயா பணம்?" என்றான் கடைசி பெஞ்சில் ஒருவன். யாரோ சிரித்தார்கள். ஒரு சிறுமி மட்டும் தன் பெயரை வாசிக்கும் முன்பே பாதி எழுந்திருந்தாள். ஆண்டுதோறும் நடப்பதுதானே. உட்காரச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து குறளைத் தொடர்ந்தேன். எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

உறைத்தது காலாண்டுத் தேர்வுத் தாள் திருத்தும்போது. அந்தக் குறளையும் பொருளையும் அவள் பிழையில்லாமல் எழுதியிருந்தாள். கடைசி பெஞ்சுக்காரனும் எழுதியிருந்தான். இருவருக்கும் முழு மதிப்பெண் போட்டேன். நடத்தியவனுக்கு எவ்வளவு போடுவது?

சான்றிதழ் நகல் சேர்க்கைக் கோப்பிலேயே இருக்கிறது. அதை ஆண்டுதோறும் பிள்ளைகளிடம் கேட்பது எங்கள் சோம்பல், வேறொன்றுமில்லை. மறு ஆண்டு, வகுப்பில் எல்லோரும் வங்கிப் புத்தக நகல் தர வேண்டும் என்றேன். வேண்டியவற்றை வீட்டில் உட்கார்ந்து பிரித்தெடுத்தேன். வேலையை இழுத்துவிட்டுக்கொள்கிறீர்கள் என்றார் சக ஆசிரியர். பயனில்லாத ஜெராக்ஸுக்கு நாங்கள் ஏன் செலவழிக்க வேண்டும் என்று ஒரு தந்தை பள்ளிக்கே வந்து சத்தம் போட்டார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. அந்தச் செலவை நானே ஏற்றுக்கொண்டேன்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனை, அவன் பள்ளியில் படித்தவர்களே சாதிப் பகையில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைந்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரைகள். கயிற்றைப் பற்றி ஆசிரியர் அறையில் நெடுநேரம் பேசினோம். கயிறு மாணவன் கையில் இருப்பது, பேசுவது எளிது. சீட்டை வாசிக்கிற எங்கள் வாயைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஒன்பதாம் வகுப்பிலும் அந்தப் பிள்ளைகளுக்கு நானே தமிழ். நகல்களை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சுக்காரன் மேசையருகே வந்து, "இதில் யார் யாருக்குப் பணம் வரும் ஐயா?" என்று கேட்டான்.

தெரியாது என்றேன். பட்டியல் என் சட்டைப் பையில் இருந்தது.