புயல் புத்தகத்தைப் புயல் நாளில் வெளியிடப் போன கதை

மண்டபத்துக்குக் கட்டிய 8,000 ரூபாய் முன்பணம் போனது போனதுதான். ரசீதின் பின்பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தில், ‘மழை, வெள்ளம், புயல் காரணமாக நிகழ்ச்சி ரத்தானால் பணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று அச்சடித்திருக்கிறார்கள். அதைக் காட்டிய மேலாளர் அத்தோடு விடவில்லை. “சார், புயலைப் பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறீர்கள். தேதி வாங்கும்போது உங்களுக்குத் தெரியவில்லையா?” என்றார். எனக்கு வாய் அடைத்துப் போயிற்று.

நான் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியன். புயலையும் கனமழையையும் எப்படி முன்கூட்டியே கணிக்கிறார்கள் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியும்படி ஒரு நூல் எழுதினேன். 500 பிரதிகள். ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண், அச்சு, அட்டை எல்லாம் தடங்கலின்றி முடிந்தன. விழாவை 2024 நவம்பர் 30, சனிக்கிழமை மாலை, சென்னையில் வைத்தோம். பருவமழை நேரத்தில் வெளியிட்டால்தான் எடுபடும் என்பது பதிப்பாளரின் யோசனை. எனக்கும் அது சரியாகவே பட்டது.

28ஆம் தேதி மாலை, வங்கக் கடலில் இருந்த ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாக மாறாமலேயே கரையைக் கடக்கும் என்று வானிலை மையம் அறிவித்தது. “புயல் இல்லையாம், விழா உண்டு” என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. ஏனென்றால் என் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயமே அதைத்தான் செய்யாதே என்கிறது. காற்றின் வேகம் மணிக்கு 61 கி.மீ. வரை இருந்தால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62ஐத் தொட்டால் புயல். இந்தப் பெயர்கள் காற்றை அளந்து வைத்தவை, மழையை அளந்து அல்ல. பெயர் சிறிது என்று மழையை லேசாக எண்ணாதீர்கள் என்று நானேதான் எழுதியிருந்தேன்.

29ஆம் தேதி பிற்பகல் அது ஃபெஞ்சல் என்ற பெயரோடு புயலாகிவிட்டது. மறுநாள் சென்னை விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். எங்கள் விழா எம்மாத்திரம்! காலை ஏழு மணிக்கு எல்லோருக்கும் போன் செய்து நிறுத்தினேன். ஆனால் 200 பிரதிகளை வெள்ளிக்கிழமையே கொண்டுபோய் மண்டபத்துச் சாமான் அறையில் தரையில் அடுக்கியிருந்தேன். திங்களன்று போய்ப் பார்த்தால், அடியில் இருந்த இரண்டு கட்டுகள் தண்ணீரில் ஊறி இட்லி மாதிரி உப்பிக் கிடந்தன. ‘மழை எச்சரிக்கை வந்ததும் பொருள்களை உயரமான இடத்துக்கு மாற்றுங்கள்’ என்ற அறிவுரையும் அந்தக் கட்டுகளுக்குள்ளேதான் இருந்தது. மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசற்படியில் போய் நின்றாள்.

விழாவுக்கு முன்னால் ஒரு தொலைக்காட்சியிலிருந்து அழைத்திருந்தார்கள். புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்; அட்டை ஒரு வினாடி கூடத் திரையில் வரவில்லை. ‘எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும்?’ என்று கேட்டார்கள். ஆசிரியர் என்று சொல்லியும் ‘வானிலை நிபுணர்’ என்று பெயருக்குக் கீழே போட்டுவிட்டார்கள். இப்படி ஒரு வாய்ப்பு யாருக்காவது வந்தால், எச்சரிக்கை விடுவது வானிலை மையத்தின் வேலை, அதைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது மட்டுமே நம் வேலை என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். நான் கடைசியில் சொன்னேன், வெட்டிவிட்டார்கள்.

கடைகளில் வேறு கூத்து. ஒரு பெரிய ஊரின் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் கடையில் பத்துப் பிரதி கொடுத்திருந்தேன். ஒரு மாதம் கழித்துப் போனால் அறிவியல் அடுக்கில் ஒன்றும் இல்லை. விற்றுவிட்டது என்று மகிழ்ந்துபோய்க் கேட்டேன். பையன் சோதிட அடுக்கைக் காட்டினான். பஞ்சாங்கத்துக்கும் கைரேகை நூலுக்கும் நடுவே பத்தும் பத்திரமாக இருந்தன. “அட்டையில் ‘கணிப்பு’ என்று போட்டிருக்கிறதே சார்” என்றான். அவனைக் குறை சொல்ல முடியுமா? அறிவியல் நூல் போடுகிறவர்கள் அட்டையில் அந்தச் சொல்லைத் தனியாக விடாதீர்கள்.

பள்ளிகளில் பேச அனுமதி வாங்க ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். முதல் முறை, புயல் என்றால் அது தீயணைப்புத் துறை ஒத்திகை என்றார்கள். இரண்டாம் முறை, பேரிடர் என்றால் வருவாய்த் துறை. மூன்றாம் முறை, மனுவில் ‘புத்தக அறிமுகம்’ என்று இருக்கிறது, வியாபாரத்துக்கு அனுமதி இல்லை என்றார்கள். வெளியே வந்து, அதே மனுவை ‘அறிவியல் உரை, கட்டணம் இல்லை’ என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் முத்திரை விழுந்தது. புத்தகம் என்ற சொல்லை மட்டும் மறந்தும் எழுதாதீர்கள்.

அந்தப் பள்ளிகளில்தான் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. புயலின் பாதையைக் காட்டும் வரைபடத்தில் கூம்பு போல விரிகிற பகுதியைப் பலரும் புயலின் அளவு என்று நினைக்கிறார்கள். உண்மையில் புயலின் மையம் பெரும்பாலும் எந்தப் பகுதிக்குள் போகும் என்பதற்கான எல்லை அது. நாள் தள்ளத் தள்ளக் கணிப்பின் உறுதி குறைவதால் விரிகிறது. இதைச் சொல்லிப் பார்த்துத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். பிறகு சுண்ணாம்புக்கட்டியால் தரையில் கூம்பு வரைந்து, ஒரு பம்பரத்தை விட்டேன். “எங்கே போகும்?” என்று கேட்டதும் ஆளுக்கொரு பக்கம் கை நீட்டினார்கள். பம்பரம் கோட்டைத் தாண்டி ஒரு பெண்ணின் செருப்பில் முட்டியது. “கூம்புக்கு வெளியேயும் போகுமா?” என்று அவள் கேட்டாள். போகும் என்றேன். கூம்புக்கு வெளியே இருப்பவர்களுக்கு மழை வராது என்று அர்த்தமில்லை என்பதையும் அவளே கண்டுபிடித்துச் சொன்னாள்.

டிசம்பர் கடைசியில் சென்னை நந்தனத்தில் புத்தகக் காட்சி தொடங்கியது. வானம் பளிச்சென்று இருந்தது, மழையைப் பற்றி யாருக்கு என்ன அக்கறை! முதல் மூன்று நாளில் நான்கு பிரதிகள். நான்காம் நாள் இரவு உட்கார்ந்து, ஃபெஞ்சல் ஏன் புதுச்சேரியை விட்டு நகராமல் மணிக்கணக்காக நின்றது என்று நான்கு பக்கம் எழுதினேன். தள்ளிக்கொண்டு போக மேல்காற்று வலுவாக இல்லாத பம்பரம் அது. அதனால்தான் அங்கே ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. கரையேறிய பிறகும் அடங்காமல், கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. பெய்தது. நகலெடுத்து ஒவ்வொரு பிரதிக்குள்ளும் செருகி, ‘ஊத்தங்கரையில் ஏன் கொட்டியது?’ என்று ஓர் அட்டையில் பெரிதாக எழுதித் தொங்கவிட்டோம். நின்று படித்தார்கள், வாங்கினார்கள். கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர் ஐந்து பிரதிகளாக எடுத்துக்கொண்டு, “எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டிருக்கிறீர்களே” என்று அந்த அட்டையையும் கேட்டார். கொடுத்துவிட்டு வேறு எழுதினேன்.

போன வாரம் மண்டப மேலாளர் அழைத்தார். நவம்பரில் தேதி காலியாக இருக்கிறதாம், பழைய வாடிக்கையாளர் என்பதால் பாதி வாடகையாம். ரசீதின் பின்பக்கத்தை முதலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.