ஒரு முழம், ஒரு சென்ரிமீற்றர்: ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்து படித்தல்

செங்கடலும் மன்னாவும் முடிந்து யாத்திராகமம் 25க்கு வந்ததும் பிள்ளைகள் கொட்டாவி விடத் தொடங்குவார்கள். இனி எல்லாம் ஆசரிப்புக் கூடாரத்தின், அதாவது இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தூக்கிச் சென்ற வழிபாட்டுக் கூடாரத்தின், முழக் கணக்கு. பெரியவர்களும் மெல்லத் தாண்டிப் பொன் கன்றுக்குட்டிக்குப் போய்விடுவதுண்டு. வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறவர்கள் தாண்டக் கூடாத பகுதி இது. அளவுகள் எல்லாம் எழுதியே இருக்கின்றன. அடிமட்டத்தைக் கையில் கொடுத்தால் போதும்.

வாசிக்கும் ஒழுங்கு வேறு, செய்யும் ஒழுங்கு வேறு. 25ஆம் அதிகாரத்தில் அளவுகள் உடன்படிக்கைப் பெட்டியில் தொடங்குகின்றன. கைவினைஞர்களான பெசலெயேலும் அகோலியாபும் வேலை செய்யும் 36ஆம் அதிகாரமோ திரைகளிலும் பலகைகளிலும் தொடங்கும். கைவேலைக்கு 36 முதல் 38 வரை பின்பற்றுவதே வசதி.

அளவு: ஒரு முழத்துக்கு 1 செ.மீ. பிராகாரம், அதாவது கூடாரத்தைச் சுற்றிய வெளிமுற்றம், 100 x 50 செ.மீ. வரும். தொடர்மாடி வீட்டுக்கு இது பெரிதுதான். ஆனால் பாதியாகக் குறைத்தால் பெட்டியும் மேசையும் பிள்ளைகளின் விரலுக்கு அடங்காது. அடித்தளத்துக்கு 2.5 செ.மீ. தடிப்புள்ள ரிஜிபோம் வாங்கி, நடுவில் வெட்டி இரண்டு துண்டாக வைத்தால் கட்டிலுக்குக் கீழே போகும்.

பலகை ஒவ்வொன்றும் 10 முழ உயரம், ஒன்றரை முழ அகலம். எல்லாரும் முதலில் ஐஸ்பழக் குச்சியைத்தான் தேடுவார்கள். சாதாரணக் குச்சியின் அகலம் ஏறத்தாழ 1 செ.மீ.தான், 20 குச்சி அடுக்கினால் 30க்குப் பதில் 20 செ.மீ. சுவர்தான் கிடைக்கும். கடதாசிப் பெட்டி மட்டையை 1.5 x 10 செ.மீ. பட்டிகளாக வெட்டுவது நல்லது. மட்டையின் உள்வரிகள் நெடுக்காக ஓட வேண்டும். குறுக்காக வெட்டினால் பட்டி நடுவில் மடியும். தெற்கே 20, வடக்கே 20, மேற்கே 6, மூலைக்கு 2, ஆக 48. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வெள்ளிப் பாதம் என்றால் 96. பெட்டி இருக்கும் உள்ளறையை மறைக்கும் திரைச்சீலைத் தூண்களின் 4 பாதங்களையும் சேர்த்தால் 38:27 சொல்லும் நூறு சரியாக வரும். சின்னப் பிள்ளைக்கு இந்த எண்ணும் வேலையைக் கொடுக்கலாம். கூடார வாசலின் ஐந்து தூண்களுக்கு வெண்கலப் பாதம். அதையும் வெள்ளியாக்கிவிடாமல் பார்க்க வேண்டும்.

உண்மையான பாடம் திரைகளில் இருக்கிறது. மெல்லிய பஞ்சுநூல் திரைகள் பத்து, ஒவ்வொன்றும் 28 x 4. ஐந்தைந்தாகச் சேர்த்தால் 20 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டு. வாசலிலிருந்து விரித்தால் கூரை 30, பின்சுவர் 10, மொத்தம் 40. துணி சரியாக முடியும். இரண்டு துண்டும் பொன் கொக்கிகளால் சேரும் இடம் வாசலிலிருந்து 20 செ.மீ.யில் விழும். அதற்கு நேர் கீழேதான் திரைச்சீலை தொங்க வேண்டும் என்கிறது 26:33. இதை முதலே சொல்லிவிடக் கூடாது. துணியை விரித்துவிட்டு வசனத்தை வாசிக்கச் சொன்னால் பிள்ளைகளே விரலை வைத்துக் காட்டுவார்கள்.

அகலம் 28இல் கூரைக்கு 10 போனால் பக்கத்துக்கு 9. நிலத்துக்கு ஒரு செ.மீ. குறையும். ஆட்டுமயிர்த் திரை 30 என்பதால் அது நிலத்தைத் தொடும். 26:13இல் வரும் ‘ஒரு முழம்’ இதுதான்.

இங்கே பிழைப்பதற்கு இரண்டு காரணங்கள். பத்துத் துண்டையும் தனித்தனியாக வெட்டி ஒட்டினால் ஒவ்வொரு பொருத்திலும் அரை செ.மீ. போய், இணைப்பு முன்னுக்கு வந்துவிடும். 20 செ.மீ. துண்டு இரண்டை மட்டும் வெட்டி, மீதிப் பிரிவுகளைப் பென்சில் கோடாகப் போடலாம். அடுத்தது, கூரை நடுவில் தொய்ந்து துணியின் அளவை விழுங்கும். குறுக்கே நாலைந்து ஈர்க்கு வைக்க வேண்டும். அது வசனத்தில் இல்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். ஐம்பது கொக்கி 28 செ.மீ.க்குள் சாத்தியமில்லை, ஏழு போதும்.

பிராகாரத் தூண்களுக்கும் ஈர்க்கு நல்லது, 5 செ.மீ. உயரம். ஒரு பக்கத்துக்கு 20 தூண் என்று மூலையிலிருந்து மூலைக்கு நட்டால் இடைவெளி 19தான் வரும், 95 செ.மீ.யில் நின்றுவிடும். பக்கம் பக்கமாக நடாமல், 5 செ.மீ.க்கு ஒன்றாகச் சுற்றிக்கொண்டே போனால் 300 செ.மீ. சுற்றளவுக்கு 60 தூண் சரியாக அடங்கும்.

ஒட்டுவதற்கு பைண்டர் கம். ஸ்ப்ரே பெயின்ற்றும் செருப்பு ஒட்டும் பசையும் ரிஜிபோமை அரித்துவிடும். கோதுமை மாப் பசை கொழும்பு ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும், கரப்பானும் வரும். தரைக்குக் கடற்கரை மணல் வேண்டாம். உப்பு ஈரத்தை இழுப்பதால் பசை காயாமல் மணல் உதிரும். ஆற்று மணலை அரித்துக் காயவைத்துப் போடலாம்.

பணிமுட்டுகளில் பெட்டி 2.5 x 1.5 x 1.5, மேசை 2 x 1, உயரம் 1.5, தூபபீடம் 1 x 1, உயரம் 2, தகனபலிபீடம் 5 x 5, உயரம் 3. பெட்டி அழிறப்பர் அளவுதான் வரும், பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். முழத்தை 45 செ.மீ. என்று வைத்து அதன் உண்மையான நீள அகலத்தை, 112.5 x 67.5 செ.மீ., தரையில் சோக்கால் கீறிக் காட்டினால் சரியாகிவிடும். குத்துவிளக்குக்கும் வெண்கலத் தொட்டிக்கும் வேதம் அளவு தரவில்லை. அதைப் பிள்ளைகளே தீர்மானித்துக் கொப்பியில் ‘எங்கள் அளவு’ என்று எழுதட்டும்.

கடைசி நாளில் 40ஆம் அதிகாரத்தை ஒருவர் வாசிக்க மற்றவர் வைக்கட்டும். கொழும்பில் திசை பிடிக்கக் கடல் போதும்: கூடாரம் கடலுக்கு முதுகு காட்டும், வாசல் கிழக்கே. பெட்டியை உள்ளே வைத்த பிறகே திரைச்சீலை. மேசை வடக்கே, குத்துவிளக்கு தெற்கே. அவை இடம் மாறியிருந்தால் அநேகமாக அடித்தளம்தான் திரும்பியிருக்கும்.