லினக்ஸ் கண்ணில் படாத என்விஎம்இ: செய்து பார்த்ததில் தெரிந்தவை

எட்டாம் தலைமுறை இன்டெல் மடிக்கணினி, 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (பிசிஐ பஸ்ஸில் நேரடியாக இணையும் வேகமான டிஸ்க்), உள்ளே விண்டோஸ் 10. லினக்ஸையும் கூடவே போடலாம் என்றால் இன்ஸ்டாலர் பென்டிரைவை மட்டும் காட்டுகிறது. பயாஸில் எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறது, விண்டோஸும் பூட் ஆகிறது. எனவே எஸ்எஸ்டியைக் கழற்றி மாட்டுவது வீண் வேலை.

பென்டிரைவிலிருந்து ஓடும் லைவ் லினக்ஸின் டெர்மினலில், பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ ஓட்டினால் என்விஎம்இ கன்ட்ரோலர் என்ற வரியே இல்லை, 00:17.0 முகவரியில் ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) கன்ட்ரோலர் மட்டும். கர்னலின் செய்திப் பதிவான டிமெசேஜில் ஏஎச்சிஐ (சாட்டா டிஸ்க்குகளுக்கான வழக்கமான இடைமுகம்) டிரைவர் விஷயத்தைப் போட்டு உடைக்கிறது: ரீமேப் ஆன என்விஎம்இ ஒன்று இருக்கிறது, பயாஸை ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்று.

இன்டெல் ஆர்எஸ்டியின் (ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி) வேலை இது. ஃபர்ம்வேர் எஸ்எஸ்டியைப் பஸ்ஸில் அடையாளம் காட்டும் பிசிஐ கான்ஃபிகரேஷன் ஸ்பேஸை மறைத்துவிட்டு, ரெஜிஸ்டர்களை சாட்டா கன்ட்ரோலரின் மெமரிப் பகுதிக்குள், 16 கேபி தள்ளி வைக்கிறது. இப்படி 3 டிரைவ் வரை ஒளிக்கலாம். பிசிஐ ரீஸ்கேன் எத்தனை முறை ஓட்டினாலும் பயனில்லை. பஸ்ஸில் பதில் சொல்ல ஆளில்லை.

பயாஸில் நேராக ஏஎச்சிஐக்கு மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நிற்கும், காரணம் புதிய அமைப்புக்கான டிரைவர் பூட்டில் ஏறுவதில்லை. முதலில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் குறியாக்கம்) ரிகவரி கீயை வேறு இடத்தில் எழுதிவைத்து, பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்ய வேண்டும். ஆப்டேன் கேச் (டிஸ்க்கை வேகப்படுத்தும் இன்டெல் நினைவகம்) இருந்தால் ஆர்எஸ்டி மென்பொருளிலேயே நீக்க வேண்டும். உண்மையான ரெய்டு வால்யூம் இருந்தால் பேக்கப் எடுக்காமல் கை வைக்கவே கூடாது. பிறகு விண்டோஸின் பூட் அமைப்புக் கருவியான எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட் மினிமல் டிக், ரீஸ்டார்ட், பயாஸில் ஏஎச்சிஐ. சேஃப் மோடில் ஒரு முறை ஏறியதும் டிரைவர் தானாக அமர்ந்துவிடும். டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம், கணக்கின் பாஸ்வேர்டு கையில் இருக்கட்டும். சில ஏசர் மடிக்கணினிகளில் இந்த ஆப்ஷனே மறைந்திருக்கும். பயாஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோல்+எஸ் அழுத்தினால் வரும்.

11ஆம் தலைமுறை முதல் இதே வேலையை விஎம்டி (வால்யூம் மேனேஜ்மென்ட் டிவைஸ்) செய்கிறது. லினக்ஸில் அதற்கு விஎம்டி மாட்யூல் உண்டு. அது ஏறினால் எஸ்எஸ்டி 10000 என்று தொடங்கும் பிசிஐ டொமைனில் வெளிப்படும். விஎம்டியை அணைக்காமல் நிறுவுவதானால் மாட்யூல், பூட்டின் தொடக்கத்தில் ஏறும் தற்காலிகக் கோப்பு அமைப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரூட் டிஸ்க் கிடைக்காமல் பூட் பாதியில் நிற்கும். பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு அமைப்பு சில சமயம் பழையபடி ரெய்டுக்கே திரும்பிவிடுகிறது. நன்றாக ஓடிய லினக்ஸ் திடீரென டிஸ்க் இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.