பாரியாள் என்று மட்டும் எழுதியிருந்த கல்

சாத்தான்குளம் வட்டாரத்தில், செம்மணல் தேரி தொடங்குகிற இடத்தில், எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு பனைவிளை இருக்கிறது. அதன் தென்மேற்கு மூலையில், உடைமரங்களுக்கு நடுவே, 41 கல்லறைகள் உள்ளன. ஊர்க் கிறிஸ்தவக் கோவிலுக்கென்று பொதுவான கல்லறைத் தோட்டம் பின்னாளில் ஏற்பட்டது. அதற்கு முன்பு எங்கள் முன்னோர் தங்கள் இறந்தவர்களைத் தங்கள் விளையிலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். தலை மேற்கிலும் கால் கிழக்கிலுமாக, உயிர்த்தெழும் நாளில் கிழக்கு நோக்கி எழுந்து நிற்கும்படி எல்லாரும் கிடத்தப்பட்டிருக்கிறார்கள். கருப்பட்டித் தண்ணீர் சேர்த்து அரைத்த சுண்ணாம்புக் காரையால் பூசிய மேடைகளே பெரும்பாலானவை. தலைமாட்டில் கருங்கல்லோ, காரையிலேயே எழுத்துப் பொறித்த சிறு சுவரோ நிற்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. அந்த மழையில் எங்கள் விளையில் இரண்டு தலைமாட்டுச் சுவர்கள் கரைந்து விழுந்தன. அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டபோது, ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியும் பூவும் கொண்டு போகிற எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. மீதமுள்ளவற்றையாவது எழுதி வைத்துவிட வேண்டும் என்று சித்தப்பாவும் நானும் முடிவு செய்தது அதன் பிறகுதான்.

முதல் நாள் எண்பத்தெட்டு வயதான பெரிய அத்தையை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். அளவு நாடாவுடன் நான் ஒரு மேட்டைத் தாண்டப் போனபோது, "எய்யா, அதுக்கு மேல மிதிச்சிராத, அது பிள்ளைக் குழி" என்றார்கள். அங்கே கல்லும் இல்லை, காரையும் இல்லை. ஓரத்தில் பதித்திருந்த நான்கைந்து சிப்பிகள் மட்டுமே மணலுக்கு மேல் தெரிந்தன. எழுத்துள்ள கற்களை மட்டும் பதிவு செய்தால் போதும் என்று அதுவரை நான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை அத்தை அன்று காலையிலேயே மாற்றிவிட்டார்கள். எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குழிக்கும் ஓர் எண் கொடுத்தோம். கைபேசி காட்டும் இருப்பிடம் சில மீட்டர்கள் விலகக்கூடும் என்பதால், கிணற்றின் மூலையிலிருந்தும் எல்லைக் கல்லிலிருந்தும் ஒவ்வொன்றுக்கும் உள்ள தூரத்தை நாடா பிடித்து அளந்து, வரைபடத்தில் குறித்தோம்.

கல்லைத் துலக்குவதில்தான் மிகுந்த கவனம் தேவை. கம்பிப் பிரஷ், அமிலம், சோப்புத் தூள் ஆகியவை பழைய காரையைப் பொடியாக்கிவிடும். எழுத்து தெரிவதற்காக மாவையோ சாக்குக்கட்டியையோ தேய்ப்பதும் நல்லதல்ல. வெறும் தண்ணீரும் மென்மையான வண்ணத் தூரிகையும் போதும். கல்வெட்டு அறிஞர்கள் ஈரத் தாளை ஒற்றி அடித்து மைப்படி எடுப்பார்கள். ஆனால் உதிர்கிற காரை அந்த அடியைத் தாங்காது. ஆகவே வெயிலையே நம்பினோம். நண்பகலில் வெறும் வெள்ளைச் சுவராகத் தெரிகிற கல், காலை ஏழு மணிக்குச் சாய்ந்த வெயில் பக்கவாட்டில் விழும்போது வரிவரியாக எழுத்தைக் காட்டும். வெயில் படாத முகங்களுக்கு, ஒரு கண்ணாடியைப் பிடித்து ஒளியைத் திருப்பி விட்டோம்.

இந்த வேலையில் நான் கண்ட வருத்தமான உண்மை ஒன்று உண்டு. எழுத்துகளை மழையும் வெயிலும் அழித்ததைவிட, நம்முடைய அன்பே அதிகமாக அழித்திருக்கிறது. ஆண்டுதோறும் திருநாளுக்கு முன் அடித்த வெள்ளை, ஏடு ஏடாகப் படிந்து பள்ளங்களை நிரப்பியிருக்கிறது; அதன் மேல் பெயின்டர் கறுப்பு வண்ணத்தால் தமக்குப் புரிந்தபடி எழுதியிருக்கிறார். ஒரு கல்லில் வண்ணம் 1948 என்று சொன்னது. சாய்ந்த வெயிலில் அடியில் தெரிந்த செதுக்கலோ 1918. அக்கம்பக்கத்தில் இருக்கிற இன்னும் இரண்டு கற்களும் அதே ஆண்டின் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடைப்பட்டவை. இந்தியா முழுவதும் இன்புளூயன்சா காய்ச்சல் பரவிய மாதங்கள் அவை. முப்பது ஆண்டுகள் தள்ளி எழுதியதால், ஒரே வீட்டில் அடுத்தடுத்து விழுந்த மூன்று சாவுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையாகத் தோன்றியிருக்கின்றன.

எழுத்தின் வடிவமும் சாட்சி சொல்லும். 1931இல் இறந்ததாகக் கூறும் ஒரு கல்லில் 'லை', 'னை' ஆகியவை இன்றைய வடிவில் இருந்தன. பெரியாரின் குடி அரசு 1935இலேயே சீர்திருத்த எழுத்துகளைக் கைக்கொண்டது என்றாலும், தமிழ்நாடு அரசு அவற்றை ஏற்று ஆணையிட்டது 1978இல்தான். ஆகவே அந்தக் கல் பிற்காலத்தில் மாற்றி நட்டதாகவே இருக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். பழைய கல்லை எடுத்துவிட்டுக் கிரானைட் நட்டதைத் தாம் பார்த்ததாக அத்தையும் சொன்னார்கள்.

எங்களை அதிக நாள் காக்க வைத்தது 17ஆம் எண் கல்லறை. அதன் தலைமாட்டுச் சுவரில் நான்கு வரிகள். புள்ளிகள் இல்லை, துணைக்காலும் ரகரமும் ஒரே உருவம், எகரமும் ஏகாரமும் ஒன்றே. மூன்றாம் வரியில் "௲ரு௰உ" என்று ஏதோ பொருளற்ற எழுத்துச் சேர்க்கை இருப்பதாக நான் பல நாட்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய பத்திரங்களைப் படித்துப் பழகிய சித்தப்பாதான், அது ருவும் உவும் அல்ல, ஐந்தும் இரண்டும் என்று கண்டுபிடித்தார்: ௲௫௰௨, அதாவது 1052. அதன் பிறகு எல்லாம் விளங்கிற்று. கொல்லம் ௲௫௰௨ ௵ மார்கழி ௴ ௨௰௨ ௳. ஆண்டு, மாதம், தேதி ஆகியவற்றுக்குத் தமிழில் இப்படித் தனிக் குறிகள் இருந்ததை நான் அன்றுதான் கல்லில் கண்டேன்.

கொல்லம் ஆண்டு திருவிதாங்கூரில் மட்டுமல்லாமல் திருநெல்வேலிச் சீமையிலும் வழங்கிற்று. அது எங்கள் பக்கத்தில் ஆவணியில் பிறக்கும். ஆகவே ஆவணியிலிருந்து டிசம்பர் இறுதி வரை 824-ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825-ஐயும் கூட்டினால் கிறிஸ்தவ ஆண்டு கிடைக்கும். மார்கழி 22 ஜனவரி முதல் வாரத்தில் விழுவதால், இது 1876 அல்ல, 1877. முதல் வரியில் தாது வருஷம் என்றும் இருந்தது. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருகிற பெயர் என்பதால் அது தனியாக இருந்திருந்தால் 1936-37 என்றும் கொள்ள இடமுண்டு. கொல்லம் ஆண்டு அந்த ஐயத்தைத் தீர்த்துவிட்டது. எங்கள் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லும் கொடும் பஞ்சத்தின் நடுவில் தோண்டிய குழி அது.

கிடைக்காமல் போனது பெயர்தான். இரண்டாம் வரியில் என் பாட்டனாருக்குப் பாட்டனார் பெயர் முழுமையாக இருந்தது. அதையடுத்து "பாரியாள்" என்று, அதாவது மனைவி என்று, மட்டும் இருந்தது. எழுத்து அழிந்து போனதோ என்று கண்ணாடி பிடித்து மூன்று காலைகள் பார்த்தேன். அழியவில்லை, எழுதவே இல்லை. எழுத்துள்ள கற்களில் பெண்களுடையவை பதினொன்று. அவற்றில் நான்கில் இப்படித்தான் இருக்கிறது.

அந்த நால்வரின் பெயரைத் தேடிப் பழைய ஆலயம் ஒன்றின் அடக்கப் பதிவேடுகளைப் பார்க்கப் போதகராகிய ஐயரவர்களிடம் அனுமதி கேட்டோம். மூவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 1877ஆம் ஆண்டின் முதல் பக்கத்திலேயே நான்காமவர் இருந்தார்: பெயர், வயது 31, கணவர் பெயர், அடக்க ஆராதனை நடத்திய உபதேசியாரின் கையெழுத்து. அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. எங்கள் குடும்பத்தில் அதே பெயருடன் இன்றும் ஒருவர் வாழ்கிறார். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அந்தப் பெயர் ஏன் எங்கள் வீட்டில் வந்துகொண்டே இருக்கிறது என்று எவரும் கேட்டதில்லை. கல் மறந்த பெயரைப் பேத்திகள் சுமந்து வந்திருக்கிறார்கள்.

சென்னை மாகாணத்துக் கல்லறை எழுத்துகளைத் தொகுத்து ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்னும் அதிகாரி 1905இல் ஒரு பெரிய பட்டியலை வெளியிட்டார். அதில் நிறைந்திருப்பவர்கள் ஐரோப்பியர்கள். இடையன்குடியில் தாம் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிற கால்டுவெல் ஐயர் போன்றவர்களை வரலாறு தானே நினைவில் வைத்துக்கொள்ளும். அவர்கள் பிரசங்கத்தைக் கேட்ட பனையேறிக் குடும்பங்களின் விளைக் கல்லறைகளை அந்தந்தக் குடும்பமே எழுதிக்கொள்ளாவிட்டால் வேறு எவரும் எழுதப் போவதில்லை. அந்த எழுத்து வேலையை நாம் நூறு ஆண்டுகள் தாமதித்துவிட்டோம் என்பதே என் வருத்தம்.

17ஆம் எண் கல்லில் பெயரைச் செதுக்கிவிடலாம் என்று உறவினர் சிலர் விரும்பினார்கள். நான் சம்மதிக்கவில்லை. பழைய எழுத்து உள்ளபடியே இருக்கட்டும். கால்மாட்டில் தனியாக ஒரு சிறு கருங்கல்லை நட்டு அதில் பெயரை எழுதுவோம் என்றேன். விழுந்த சுவர்களையும் சிமென்ட்டால் பூசாமல் சுண்ணாம்புக் காரையாலேயே எடுத்துக் கட்ட ஒரு கொத்தனாரைத் தேடிக்கொண்டிருக்கிறோம், ஏனெனில் சிமென்ட் ஈரத்தை உள்ளே அடைத்துப் பழைய காரையை உதிர்த்துவிடும்.

எழுத்தே இல்லாத ஒன்பது குழிகளில் ஆறு பேரை அத்தை அடையாளம் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து, படங்களுடனும் வரைபடத்துடனும் நான்கு வீடுகளில் ஒவ்வொரு படி வைத்திருக்கிறோம். மீதி மூன்றுக்கும் வரைபடத்தில் எண்ணும் அளவும் மட்டுமே உள்ளன. அவற்றுள் ஒன்று சிப்பி பதித்த அந்தப் பிள்ளைக் குழி. நீளம் 75 சென்டிமீட்டர். 17ஆம் எண் கல்லறையின் வலப்பக்கத்தில், ஒரு சாண் இடைவெளியில் இருக்கிறது.